க வராத ங்

கல்லுக்கட்டிக்குப் பின்சந்தில்
எங்கள் அச்சகத்துக் கணினி
ஒரு கட்டத்தைக் காட்டிவிட்டு நிற்கிறது.
மணமகள் பெயர் அவள் மொழியில்:
Та, பிறகு வெறும் கட்டம், பிறகு сулуу.
முன்னும் பின்னும் ஆள் இருக்க
நடுவில் கதவு எண் இல்லாத வீடு.

வயிரவன் செட்டியார் மகன் சொக்கலிங்கம்
பிஷ்கெக்கில் ஆறு வருடம் மருத்துவம் படித்தவன்.
பட்டத்தோடு இந்தப் பெயரையும் கொண்டுவந்திருந்தான்.
“தமிழ்ல தங்கம்னு போட்டிரு ரஹ்மத்து.
வாய்க்கும் வரும், சபைக்கும் ஆகும்.”
போட்டேன்.
பார்க்கத் தங்கமாகத்தான் இருந்தது.

இரவு ஒன்பதரைக்கு அவளே குரல் அனுப்பினாள்,
சொக்கலிங்கம் நடுவிலிருந்து தமிழாக்க.
தங்கம் இல்லை. தாங்.
பின்னால் க கிடையாது.
அடிநாக்கு மேலே ஒட்ட வேண்டும்,
மூச்சு மூக்கு வழியே போய்விட வேண்டும்,
முன்கதவைச் சாத்திவிட்டுக்
கொல்லைப்பக்கம் இறங்குகிற மாதிரி.
தாங் என்றால் விடியல்.

ஏழு முறை சொல்லிப் பார்த்தேன்.
ஏழு முறையும் க வந்து உட்கார்ந்தது,
அழைக்காத வீட்டில் முதல் பந்தியில்.

எனக்குத் தெரிந்த ங் எல்லாம் அப்படித்தான்.
ஆத்தங்குடிக்கு கு,
மாப்பிள்ளை சொக்கலிங்கத்துக்கே க.
துணையில்லாமல் தெருவில் இறங்காத எழுத்து.
இரண்டாம் வகுப்பில்
ங ஙா ஙி ஙீ என்று சிலேட்டு நிறைய எழுதினேன்.
இத்தனை வருட அச்சு வேலையில்
ஒரு ஙி-யையும் யாரும் கேட்டதில்லை.

எங்களிடம் இருந்தது பழைய ரஷ்ய எழுத்துரு.
அதில் н உண்டு, ң இல்லை.
வலது காலடியில் ஒரு சின்ன வால்,
வித்தியாசம் அவ்வளவுதான்.
அதே வால் ц-வுக்கு இருந்தது.
வெட்டினேன்.
வால் போன ц நம்ம ஊர் ப ஆகி
திரை ஓரத்தில் கிடந்தது.
வாலை н காலில் ஒட்டினேன்.
தையல்காரி மகள் நான். ஒட்டு தெரியவில்லை.

படம் போனதும் பதில் வந்தது.
ரஷ்ய மொழிக்கு இந்த ஓசை இல்லை அக்கா,
எழுத்தைக் கொடுத்தார்கள், வாலை வைத்துக்கொண்டோம்.
கசாக்கிய விடியலுக்கும் இதே வால்,
தாத்தார் விடியலுக்கும்.
எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது,
ஆனால் கடல் என்ற சொல்லின் வயிற்றில் இதுதான்: деңиз.
கிழக்குக் கோடியில் சுக்சிகள்
வாலைக் கொக்கியாக வளைத்துக்கொண்டார்கள்: ӈ.
அவர்கள் பேச்சில் அது
சொல்லுக்கு முதல் ஆளாகவே வரும்.
யாக்கூத்துகள் வாலே வேண்டாமென்று
பக்கத்து எழுத்தின் கையை எடுத்துத்
தோளில் போட்டுக்கொண்டார்கள்: ҥ.
துர்க்மேனியர் வேறு எழுத்துக்கே குடிபோய்விட்டார்கள்.
ஓசையை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு.

சரி, உன் அம்மா பெயர் என்ன?
Жаңыл.
ஜ அடித்தேன்.
அடுத்து
விரல் கொஞ்சம் தயங்கி
ஙி.
ஜஙில்.
நாற்பது வயதில் ஙி-க்கு முதல் சம்பளம்.

காலையில் செட்டியார் வந்து
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.
தாங்சுலூ.
“ங்-குக்கு அப்புறம் ச வருமா?
பிழைன்னு பேசுவாங்களே.”
பேசுவதற்கு வேறும் இருந்தது.
கல்யாணம் ஆனால்
இளையாற்றங்குடிக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி.
இந்தச் சோடிக்கு வைப்பார்களா என்று
அவர் கேட்கவில்லை.
பார்வை மட்டும் தாளில்
புள்ளி புள்ளியாக நின்று நின்று போனது.

கோயில் கணக்கு எனக்குத் தெரியாது.
நான் வைக்கக்கூடிய புள்ளி ஒன்றுதான்,
ங-வின் தலையில்.
திரையில் கைமுட்டி அளவுக்குப் பெரிதாக்கி
சரியா என்று காட்டினேன்.

“ஐநூறு போடு” என்றார்.
படியில் இறங்கும்போது
“தாங்க...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.
செருப்பு மாட்டும்போது இன்னொரு தடவை.
அப்புறம் தேவகோட்டை பஸ் சத்தத்தில்
எனக்குக் கேட்கவில்லை.
உதடு திறந்திருந்தது,
மூக்கு மட்டும் விடைத்தது.